காரணம் சொல்லாத காவலர்கள்

நாவலில் பாதிக்கு மேல் தாண்டியதும் ஒரு சிறுவன் கடற்கரையில் நிற்கிறான். சற்று முன்னர் நிலம் இலேசாக அதிர்ந்திருக்கிறது. கடல் என்றைக்கும் இல்லாத மாதிரி பின்வாங்கிப் போகிறது. அவனுக்குப் பயமில்லை, வேடிக்கை பார்க்கத்தான் ஆசை. அப்போது, ஆளில்லாத இடத்திலிருந்து ஒரு குரல் அவனை ஓடச் சொல்கிறது. ஓடுகிறான். வழியில் ஒரு பெரிய பாறை மறித்துக் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொள் என்கிறது குரல். அவன் கண்ணைத் திறக்கும்போது பாறை இல்லை. மேட்டில் ஏறித் தப்பிவிடுகிறான்.

மட்டக்களப்பு, கல்லடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு நாள் கூடி, வாசித்த புத்தகத்தைப் பற்றிக் கதைப்போம். இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கதை நின்றுவிட்டது. எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற ரீச்சர் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, “அந்தக் குரல் எங்கட பிள்ளைகளுக்கு ஏன் கேக்கல்ல மகன்?” என்றார். 2004 சுனாமி அடித்துப்போன நாவலடிப் பக்கம் தெரியும் யன்னலோரம்தான் அவர் இருந்தார்.

அந்தப் புத்தகம் ஆங்கில அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’. தமிழில் சொன்னால் ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’. 1953இல் வந்தது. மனிதரைவிட அறிவில் பல மடங்கு உயர்ந்த வேற்றுலகத்தார் பூமிக்கு வருவதைப் பற்றிய நாவல்களில், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் வாசகர்கள் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கும் நாவல் இதுதான் என்பது என் எண்ணம். அந்தச் சண்டை எதைப் பற்றியது, கிழக்குக் கரையில் இருந்து வாசிக்கும்போது அது எங்கே வேறு திசைக்குத் திரும்புகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்திவிட வேண்டும். கிளார்க் என்றதும் நம்மவர்கள் பலர், அவர் எல்லாவற்றையும் இலங்கையில் இருந்தே எழுதினார் என்று நினைக்கிறார்கள். இந்த நாவல் அப்படியல்ல. 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் கப்பல் கொழும்பில் நின்றபோதுதான் அவர் இந்த மண்ணை முதன்முதல் மிதித்தார். 1956இல் இங்கேயே வந்து தங்கிவிட்டார். அதே ஆண்டில் திருகோணமலையில் சுவாமி மலையடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களையும் கற்களையும் கடலுக்கு அடியில் தன் கண்ணால் பார்த்தார். 2008 மார்ச் 19இல் இறந்து, கொழும்பில் கனத்தை மயானத்தில் அடக்கமானார். ஆனால் இந்த நாவலை எழுதிய கையில் எங்கள் கடலின் உப்பு இன்னும் படவில்லை. அது இலண்டன்காரர் ஒருவரின் புத்தகம், அதுவும் பேரரசு கண்முன்னே கலைந்துகொண்டிருந்த காலத்து இலண்டன். 1947இல் இந்தியா போயிற்று, 1948இல் இலங்கை போயிற்று. இதை மனதில் வைக்காமல் நாவலுக்குள் நுழைந்தால் பாதி விளங்காது.

கதை இதுதான். ஒரு நாள் பூமியின் பெரிய நகரங்களுக்கு மேலே மாபெரும் கப்பல்கள் வந்து அசையாமல் நிற்கின்றன. இந்தக் காட்சிக்கான வித்து, 1941இல் இலண்டன் வானத்தில் மிதந்த தடுப்பு பலூன்களைப் பார்த்ததில் கிடைத்தது என்று கிளார்க் பின்னாளில் எழுதியிருக்கிறார். (அடுத்த ஏப்ரலில், அதே யுத்தத்தில், ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கடலில் மூழ்கியது. அது இன்றும் மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கிறது.) வந்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. போரை நிறுத்துகிறார்கள், பசியை ஒழிக்கிறார்கள், மிருகவதையைக்கூடத் தடைசெய்கிறார்கள். ஆனால் முகத்தைக் காட்ட மறுக்கிறார்கள். அவர்களின் தலைவன் கரெல்லன், ஐக்கிய நாடுகளின் பொதுச்செயலாளர் ஸ்டோர்ம்கிரென் என்ற ஒரேயொரு மனிதருடன் மட்டும் பேசுகிறான், அதுவும் ஒரு திரைக்குப் பின்னால் இருந்து. ஐம்பது ஆண்டுகள் கழித்து நேரில் தோன்றும்போது கொம்பும் தோல் சிறகும் கூரிய வாலுமாக நிற்கிறான். கிறிஸ்தவச் சித்திரங்களில் வரும் சாத்தானின் அச்சான உருவம்.

மேலைநாட்டு வாசகர்கள் அதிர்ந்து போகும் இடம் இது. எங்கள் கூட்டத்தில் இது அப்படி இறங்கவில்லை. கத்தோலிக்க நண்பர் ஒருவர் மட்டும் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன் என்றார். மற்றவர்களுக்குக் கொம்பும் வாலும் பெரிதாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பேய்க்குக் கொம்பு கிடையாது, கால்தான் நிலத்தில் படாது. அந்த உருவத்தின் பயம் ஒரு மதத்தின் சித்திரங்களுக்குள் வளர்ந்தவர்களுக்கானது. ஆனாலும் அதற்குக் கிளார்க் சொல்லும் விளக்கம் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மனிதகுலத்துக்கு அந்த உருவம் மேல் இருந்த பயம் பழைய நினைவு அல்லவாம். எதிர்காலத்தில் தன் முடிவின்போது பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் இவர்கள்தான் என்ற முன்னுணர்வு, காலத்தில் பின்னோக்கி வந்து பயமாகப் படிந்ததாம். காத்தான்குடி நண்பர் ஒருவர் இதை வேறு மாதிரிச் சொன்னார். “பார்வைக்கு ஷைத்தான், வேலைக்கு மலக்கு. இட்ட வேலையைச் செய்யத்தான் வந்திருக்காங்க, தங்களுக்கெண்டு ஒண்டும் கேக்க ஏலா.” மலக்கு என்றால் இறைவனின் ஏவலைச் செய்யும் வானவர். கரெல்லனைப் பற்றி நான் கேட்டதில் சரியான வாசிப்பு இதுதான்.

ஏனென்றால் நாவலின் அடிமுடிச்சு அங்கேதான் இருக்கிறது. நாங்கள் ‘அதிபதிகள்’ என்று பெயர் வைத்துக்கொண்ட இந்த வேற்றுலகத்தார் உண்மையில் அதிபதிகள் அல்லர். அவர்களுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பல உலகங்களின் இனங்கள் தங்கள் தனி உடலையும் தனி மனதையும் விட்டு ஒன்றாகக் கலந்த பெரும் சக்தி. அதைப் ‘பேர்மனம்’ என்று சொல்லலாம். மனிதக் குழந்தைகள் அதில் கலக்கப் பக்குவமாகும் வரை, பூமி தன்னையே அழித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதிபதிகளின் பணி. மருத்துவிச்சி வேலை. அவர்களுக்கோ அந்தப் பேறு கிடையாது. அறிவின் உச்சிக்குப் போனவர்கள், அந்த உச்சியிலிருந்து மேலே போக வழியில்லாதவர்கள்.

சரி, வாசகர்கள் எங்கே பிரிகிறார்கள்? உலகம் முழுவதும் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில். கரெல்லன் நல்லவனா கெட்டவனா என்பது ஒன்று. முடிவு ஏற்றமா அழிவா என்பது மற்றது. குழந்தைகள் பேர்மனத்தில் கலப்பதை மாபெரும் பரிணாமம் என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. ஒரு குழந்தைகூட ‘நான்’ என்று சொல்ல முடியாமற்போவதை எப்படி ஏற்றம் என்பது என்று கேட்பவர்களும் உண்டு. கிளார்க்கே நாவலின் முகப்பில், இதிலுள்ள கருத்துகள் ஆசிரியரின் கருத்துகள் அல்ல என்று அச்சிட வைத்தார். நாவலில் கரெல்லன், நட்சத்திரங்கள் மனிதனுக்கு உரியவை அல்ல என்று அறிவிக்கிறான். நிஜத்தில் கிளார்க் மனிதன் நட்சத்திரங்களுக்குப் போயே ஆகவேண்டும் என்று எழுதியும் பேசியும் திரிந்தவர். தான் நம்பியதற்கு நேர்மாறான ஒன்றை இவ்வளவு உறுதியாக எழுத முடிந்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆவியுடன் பேசும் பலகை, மனதால் அறிதல் போன்றவை அறிவியல் எழுத்தாளர் ஒருவருக்கு அழகா என்பது. பின்னாளில் கிளார்க்கும் இந்த விஷயங்களில் தன் பழைய ஆர்வத்தைக் கைவிட்டு, ஐயப்படுகிறவராக மாறினார். எங்கள் கூட்டத்தில் இது குறையாகவே எழவில்லை. கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வக்காரர் கட்டுச் சொல்வதைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஒருவரின் வாயில் இன்னொன்று பேசும் என்பதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒரே பந்தலில்தான் நிற்பார்கள். பாத்திரங்கள் மெலிந்தவை, பெண்கள் வெறும் மனைவிமார், இதெல்லாம் உண்மை. 1953 அதற்குச் சாக்காகாது. 2015இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொதுச்செயலாளர் ஸ்டோர்ம்கிரெனை அது ஒரு விவசாயியாக மாற்றிவிட்டது. அதனால் அதிகாரி ஒருவரும் இன்னொரு அதிகாரியும் திரைக்கு இரு பக்கம் இருந்து பேசும் அருமையான நிலை போய்விட்டது.

அந்த நிலையைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கரெல்லன் ஓரிடத்தில், என்னைச் சர்வாதிகாரி என்று நினைக்காதீர்கள், எங்கோ வகுக்கப்பட்ட ஒரு குடியேற்றக் கொள்கையை நிறைவேற்றும் அரசாங்க உத்தியோகத்தன் நான், அதை வகுத்ததில் எனக்குப் பங்கில்லை என்று சொல்கிறான். கிளார்க் எழுத்தாளராவதற்கு முன் இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு உத்தியோகத்தராக வேலை பார்த்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இனி எங்கள் ஊரைப் பாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், அப்புறம் வெள்ளைக்காரர். நெடுங்காலம் எங்கள் கச்சேரி, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகம், அதே கோட்டைச் சுவருக்குள்தான் நடந்தது. காணி உறுதிக்கும் நட்டஈட்டுக்கும் அந்த வாசலில் போய் நின்றவர்களுக்குக் கரெல்லனின் குரல் புதிதல்ல. மரியாதையான குரல், பொறுமையான குரல். மேலே இருந்து யார் தீர்மானிக்கிறார் என்று மட்டும் சொல்லாத குரல்.

தென்னாபிரிக்கா வரும் பகுதியும் இங்கே வேறு மாதிரிக் கனத்தது. நாவலில் அங்கே ஆட்சி மாறி, வெள்ளையர் சிறுபான்மையாகி உரிமை இழந்திருக்கிறார்கள். நிறவெறி உச்சத்தில் இருந்த 1953இல் கிளார்க் அதைத் தலைகீழாகப் புரட்டி எழுதியிருக்கிறார். எச்சரிக்கை கொடுத்தும் கேட்காதபோது, கேப் டவுனில் சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் அதிபதிகள் அந்த நாட்டுக்கு மட்டும் சூரியனை அணைக்கிறார்கள். முப்பது நிமிடம். அவ்வளவுதான். மறுநாளே சிறுபான்மையினருக்கு முழு உரிமையும் திருப்பிக் கொடுப்பதாக அரசு அறிவிக்கிறது. எங்களில் இளையவரான பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதை வாசித்துக் காட்டிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அரை மணித்தியாலம்” என்று மட்டும் சொன்னார். மேலிருந்து ஒருவர் வந்து நீதி செய்துவிட மாட்டாரா என்று ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை அது. அந்த ஆசையை நான் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கிளார்க்குக்கும் அந்த ஆசை இருந்தது. 2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அவர் மூன்று விருப்பங்களைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்கு ஒரு சான்று கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு மாற வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். மூன்றில் ஒன்றையும் காணாமல் மூன்று மாதத்தில் போய்விட்டார்.

இனிச் சிறுவனுக்கும் குரலுக்கும் வருகிறேன்.

2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தது. கிழக்குக் கரைக்கு அலை வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் எடுத்தது. பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் வற்றியது. மேற்கே இருந்த எங்கள் பக்கம் கடல் முதலில் ஏறித்தான் வந்தது. நாவலில் அந்தப் பையனுக்குக் கிடைத்த அடையாளம்கூட எங்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள், அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். மருதமுனை, கல்முனை, காரைதீவு, இந்தப் பக்கம் கல்லாறு, நாவலடி என்று பெயர்களை வரிசையாகச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. பசுபிக் சமுத்திரத்துக்கு 1949 முதலே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இல்லை. ஆகவே ரீச்சரின் கேள்விக்கு ஒரு நேரான பதில் உண்டு. குரல் கொடுக்கக்கூடிய அறிவு உலகத்தில் இருந்தது, எங்கள் கடலுக்கு அதை யாரும் பூட்டவில்லை. பிறகு பூட்டினார்கள். 2012 ஏப்ரல் 11ஆம் தேதி எச்சரிக்கை வந்தபோது கல்லடிப் பாலத்தால் சனம் ஓடியதை நான் பார்த்தேன். அன்று அலை வரவில்லை. ஆனாலும் ஓடச் சொன்ன குரலுக்கு அன்று காரணம் இருந்தது, அந்தக் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாவலில் அந்தக் காரணம் மறைவாக இருக்கிறது. சிறுவன் ஜெஃப்ரியைக் காப்பாற்றியது இரக்கத்தால் மட்டும் அல்ல என்று பின்னால் தெரியவருகிறது. பேர்மனத்தோடு கலக்கப்போகும் முதல் குழந்தை அவன். அதிபதிகள் அவனை முன்பிருந்தே கவனித்துக்கொண்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் பிள்ளை தப்பிவிட்டான் என்று நன்றியோடு இருந்த அந்த நாட்களிலேயே பிள்ளை அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

அதனால் எங்கள் கூட்டத்தில் கரெல்லன் நல்லவனா என்ற கேள்வி சீக்கிரமே விழுந்துபோனது. நல்லவன்தான். பொய் சொல்வது குறைவு, கொடுமை இல்லை, கடைசியில் அவனுக்கும் துக்கம் இருக்கிறது. எங்களைப் பிடித்துக்கொண்டது வேறு கேள்வி. காப்பாற்றுகிறவன் காரணத்தை மறைத்தால், காப்பாற்றப்பட்டவனுக்கு மிஞ்சுவது என்ன? சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் எங்கள் ஒழுங்கைக்கு உதவி நிறுவனங்களின் வெள்ளை வாகனங்களில் ஆட்கள் வந்தார்கள். பெயர் எழுதினார்கள், படம் எடுத்தார்கள். சில வீட்டுக்கு வள்ளம் வந்தது, கடலுக்கே போகாத வீட்டுக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. நல்ல மனதோடு வந்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அந்த உதவியில் நாங்களும் சாப்பிட்டோம். ஆனால் ஏன் இந்த வீடு, ஏன் அந்த வீடு இல்லை என்று கேட்டதற்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை. நட்பாக இருந்த இரண்டு குடும்பங்கள் அதனாலேயே இன்றும் முகம் பார்ப்பதில்லை.

முடிவைப் பற்றி இன்னொரு விதமான பேச்சும் நடந்தது, அதையும் பதிவுசெய்ய வேண்டும். பேர்மனத்தில் கலப்பதை ஆங்கில விமர்சகர்கள் சிலர் இந்தியத் தத்துவத்தோடு ஒப்பிடுவார்கள், ஆன்மா பிரமத்தில் கரைவது போல என்று. காரைதீவிலிருந்து வரும் நண்பர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விபுலானந்த அடிகள் பிறந்த ஊர்க்காரர் அவர். அறிவியல் படித்தும் துறவியானவர் அடிகள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. சைவ சித்தாந்தத்தில் முத்தி பெற்ற உயிர் சிவத்தில் காணாமல் போவதில்லை என்றார் அவர். ஒன்றுமல்ல, இரண்டுமல்ல என்ற நிலை அது. உயிர் உயிராகவே நின்று இன்பம் நுகர வேண்டும், நுகர ஆளில்லாவிட்டால் யாருக்கு முத்தி? கிளார்க்கின் குழந்தைகள் முகத்தில் ஒன்றுமே இல்லாமல், ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஆடுகிற அந்தப் பக்கங்களை அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். இந்த வாதத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. ஏற்றமா அழிவா என்ற பழைய சண்டைக்கு எங்கள் மண் சேர்த்த ஒரு வாதமாக இதை நினைக்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தாய் இருக்கிறார். அவருடைய மூத்த மகன் 1990இல் வீட்டை விட்டுப் போனவன். அவர் தத்துவத்துக்குள் வரவில்லை. “பிள்ளை பெரிய இடத்துக்குப் போயிற்று எண்டு சொல்ல வாறவங்க எப்பவும் இருப்பாங்க” என்றார். “தாய்க்கு முதல்ல சொல்லிப்போட்டுக் கூட்டிப்போகணும்.” நாவலில் கரெல்லன் பெற்றோர்களுக்கு உண்மையைச் சொல்கிறான், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு. அதற்குப் பிறகு பூமியில் குழந்தை பிறப்பதில்லை. ஜெஃப்ரியின் பெற்றோர் வாழ்ந்த தீவுக்காரர்கள் தங்கள் தீவைத் தாங்களே வெடிவைத்து அழித்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் கிளார்க் பாத்திரம் வரையத் தெரியாதவர் என்ற குற்றச்சாட்டு எனக்குத் தளர்ந்துவிடுகிறது. தாயும் தகப்பனும் கடைசி நிமிடத்தில் ஒருவரை ஒருவர் அணைத்துக்கொள்ளும் அந்தச் சில வரிகள் போதும்.

இன்னும் ஒரு பாத்திரம் மீதம் இருக்கிறது, எனக்கு அதிகம் பிடித்தது. ஜான் ரொட்ரிக்ஸ் என்ற இளைஞன், அதிபதிகளின் உலகத்தைப் பார்த்தே தீருவேன் என்று, அருங்காட்சிக்காகக் கொண்டுபோகப்படும் ஒரு பொய்த் திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் ஒளிந்து போகிறான். ஒளியின் வேகத்தை ஒட்டிய பயணம் என்பதால் அவனுக்குச் சில மாதங்கள்தான் கழிகின்றன. திரும்பி வரும்போது பூமியில் எண்பது ஆண்டுகள் போயிருக்கின்றன. மனிதர் ஒருவரும் இல்லை, குழந்தைகள் என்று சொல்ல முடியாத அந்தக் குழந்தைகள் மட்டும். கரெல்லன் அவனிடம் ஒளிப்பதை நிறுத்திவிடுகிறான். தங்கள் இனத்தின் இயலாமை வரை எல்லாவற்றையும் சொல்கிறான். மனிதகுலத்திலேயே முழுக் காரணமும் சொல்லப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

பூமி அழியப் போகும்போது அதிபதிகள் பாதுகாப்பான தூரத்துக்குப் போயாக வேண்டும். கூடப் போக ஜானுக்கு இடம் உண்டு. அவன் போகவில்லை. இங்கேயே நின்று, நடப்பதை வானொலியில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பேர்மனத்தில் கலக்க முடியாத அவர்களுக்கு அந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்று அறிய வேறு வழி இல்லை. நிலம் ஒளிபுகும் கண்ணாடி மாதிரி ஆகிறது, காற்று மாறுகிறது, தன் உடம்பின் கனம் குறைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான், குரல் அறும் வரை.

“அப்ப குரல் இந்தப் பக்கம் திரும்பிட்டு” என்றார் ரீச்சர். கரையில் நின்ற பையனுக்கு மேலிருந்து வந்த குரல், கடைசியில் கரையில் நிற்கிற மனிதனிடமிருந்து மேலே போகிறது. பையனிடம் சொல்லாததை எல்லாம், ஜான் சொல்ல அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த நாவலை மூன்று தரம் வாசித்தவன், எனக்கு அது தோன்றியதே இல்லை. அவர் புத்தகத்தை எடுத்து, சிறுவன் வரும் பக்கத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து, ஒரு கிழமைக்குத் தன்னிடம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.